என்னைக் காட்டப் போன இடத்தில்

எங்கள் வீட்டில் எதையாவது காணோம் என்றால் எல்லோரும் முதலில் என் முகத்தைத்தான் பார்ப்பார்கள். தொலைத்தது யாராக இருந்தாலும் பெயர் எனக்கு. கண்ணாடியைத் தலையில் ஏற்றி வைத்துக்கொண்டு வீடு பூராவும் தேடியது, பேத்தியைக் கூப்பிடப் போய் மகள், மருமகள், செத்துப்போன செவலைப் பசு என்று வரிசையாக எல்லார் பெயரையும் சொல்லிவிட்டு "உன்னையத்தான்டி" என்று முடித்தது, அடுப்படிக்குள் வேகமாக நுழைந்து எதற்கு வந்தோம் என்று தெரியாமல் முழித்துவிட்டு ஒரு மிளகாயைக் கிள்ளிக்கொண்டு திரும்பியது, எல்லாம் நான் செய்ததுதான். இல்லை என்று சொல்லவில்லை. வயது அறுபதைத் தாண்டிவிட்டது. முழங்கால் மட்டும் பழசாகும், மண்டை புதுசாகவே இருக்கும் என்றால் எப்படி?

இந்தக் கதைகளுக்கெல்லாம் மொத்த வியாபாரி என் வீட்டுக்காரர். விருந்தாள் வந்து காப்பித் தம்ளரைக் கையில் வாங்கியதும் ஆரம்பித்துவிடுவார்.

"ஏத்தா, நேத்து ராத்திரி என்ன கொழம்பு வச்ச? சொல்லு பாப்போம்."

நான் யோசிப்பேன். அவர் கண்ணைச் சிமிட்டி விருந்தாளைப் பார்ப்பார். நான் சொல்லுவதற்குள் அவர்கள் சிரித்துவிடுவார்கள். குரங்காட்டி குரங்கைக் குட்டிக்கரணம் போடச் சொல்லுவானே, அந்த மாதிரிதான். கொஞ்ச வருஷமாக இந்த ஆட்டம் தினசரி ஆகிவிட்டது. விருந்தாள் இல்லாவிட்டாலும் கேட்பார். இன்றைக்கு என்ன கிழமை, மகன் எங்கே போனான், பக்கத்து வீட்டில் வந்து போனது யார் என்று கேட்டுக்கொண்டே இருப்பார். நானும் பதில் சொல்லிக்கொண்டே இருப்பேன். சில சமயம் உடனே வராது. ஆனால் போனது திரும்பி வரும். குழம்பு கொதிக்கையில் நழுவிய பெயர், பாத்திரம் துலக்கையில் தானாக வந்து நிற்கும்.

கொடைக்கானல் மேல்மலைக் கவுஞ்சிக்கு வாழ்க்கைப்பட்ட, கீழ்மலைப் பண்ணைக்காட்டுக்காரி நான். எங்கள் பக்கம் காப்பி, மிளகு, வாழை. இங்கே உருளை, கேரட், எல்லாவற்றுக்கும் மேல் பூண்டு. பூண்டு போடுகிற வீடுகளில் அடுப்படிக்கு மேலே பரண் இருக்கும். அறுப்பில் நல்ல பூண்டாகப் பார்த்துத் தாளோடு கொத்துக் கட்டிப் பரணில் தொங்கவிடுவோம். அடுத்த நடவுக்கு அதுதான் விதை. கீழே கனல் மட்டும் கிடக்க வேண்டும், தீ எழும்பக் கூடாது. புகை ஏற ஏறத் தோல் பழுத்து, பல் இறுகி, பூச்சி அண்டாமல் மாசக்கணக்கில் நிற்கும். சூடு மிஞ்சிவிட்டால் பல் உள்ளேயே வெந்துபோகும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது, நட்டு முளைக்காதபோதுதான் தெரியும்.

இந்தக் கனலைக் காப்பது வீட்டுப் பெண்பிள்ளையின் சோலி. நான் வந்த புதிதில் மாமியார் என்னைப் பரணுக்குக் கீழே உட்காரவே விடவில்லை. 'காப்பித் தோட்டத்துக்காரிக்குப் பொகையைப் பத்தி என்ன தெரியும்' என்பார். விட்டபிறகு அது என் கையைவிட்டுப் போகவும் இல்லை. கண்ணாடியை எங்கே வைத்தேன் என்பது மறந்திருக்கிறது. கனலை நான் ஒரு நாளும் மறந்ததில்லை.

பைன் மரத்துக் காய் இங்கே கீழே கொட்டிக் கிடக்கும். அடுப்பில் போட்டால் குபீர் என்று பிடிக்கும். வெந்நீர் வைக்க நல்லது. விதைப் பூண்டுக்குக் கீழே அதைப் போடுவது இந்த ஊரில் பாலகன்கூடச் செய்யாத காரியம். கூலிக்கு வந்த பெண் ஒருத்தி, மலைக்குக் கீழே சமவெளிக்காரி, குளிருக்குக் கை காய ஒரு காயை எடுத்துப் போடப் போனாள். என் வீட்டுக்காரர் பாய்ந்து அவள் கையைத் தட்டிவிட்ட வேகத்தில் அவள் கண்ணாடி வளையல் நொறுங்கிப்போயிற்று. அப்படிப்பட்ட மனுஷன்.

போன நடவுக்குக் கொஞ்ச நாள் முன்பு நான் கேரட் காட்டில் தனியாகக் களை எடுத்துக்கொண்டிருந்தேன். கூலி ஆள் யாரும் அன்றைக்கு வரவில்லை. மத்தியானம் வீட்டுக்குள் காலை வைத்ததுமே பிசின் கருகுகிற வாடை. ஓடிப்போய்ப் பார்த்தால் அடுப்பு நிறைய பைன் காய், தீ நாக்கை நீட்டி எரிகிறது. பரணின் ஒரு மூலையில் பூண்டுத் தாள் பொசுங்கிவிட்டிருந்தது. அவர் பக்கத்தில் மணை போட்டு உட்கார்ந்து கை காய்ந்துகொண்டிருந்தார். அரைநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்த பேத்தி வழக்கம்போல அடுப்பு ஓரத்தில் சாக்கை விரித்துச் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் தலைக்கு நேர் மேலேதான் அந்தப் பொசுங்கின மூலை.

குடத்துத் தண்ணீரை எடுத்து வீசினேன். பிள்ளை அலறி எழுந்தாள்.

"யாருங்க இதைப் போட்டது?"

"நீதான்," என்றார் அவர். சத்தம்கூடப் போடவில்லை. "போட்டுட்டுக் காட்டுக்குப் போயிட்ட. மறந்துருப்ப."

நான் காலையில் போனவள். ஆனால் அவர் முகத்தில் பொய் இல்லை. பொய் சொல்லும்போது அவர் மூக்கைத் தேய்ப்பார், எனக்குத் தெரியும். அன்றைக்குத் தேய்க்கவில்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

சாயங்காலம் மகன் வந்து பரணில் ஏறினான். நடு வரிசையிலிருந்து ஒரு பூண்டைப் பறித்துப் பல்லைக் கீறினான். உள்ளே நொங்கு மாதிரி கண்ணாடியாக வெந்திருந்தது. இன்னொன்றும் அப்படித்தான், மூன்றாவதும் அப்படித்தான். இறங்கி வந்து என்னைப் பார்த்தான்.

"அம்மா, நீ காட்டுல இருந்தேங்கிற. அப்பா நீ இங்கனதான் இருந்தேங்கிறாரு. நான் யாரை நம்புறது?"

கேட்டானே ஒழிய பதிலுக்கு நிற்கவில்லை. அப்பாவுக்கு ஞாபகம் தப்புமா என்று அவனே சொல்லிக்கொண்டு போய்விட்டான். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று சும்மாவா சொன்னார்கள். அந்த வருஷம் விதைக்காக வேறு வீட்டு வாசலில் போய் நின்றோம். அந்த வெட்கத்தையும் என் தலையில்தான் கட்டினார்கள்.

மறுநாளே அடுப்பு என் கையைவிட்டுப் போயிற்று. மருமகள் பார்த்துக்கொள்வாள் என்றான் மகன். அவள் காட்டுக்குப் போகிற நேரத்தில்? அப்பா பார்த்துக்கொள்வார். ஆட்டுக்கு ஓநாயைக் காவல் வைத்த கதைதான். மறுபடி தீ எழும்பினால் போகப்போவது விதையோடு நிற்காது, பிள்ளை அங்கேதான் படுக்கிறாள் என்று சொல்லிப் பார்த்தேன். "அதுக்காகத்தான் உன்னைய விலகியிருக்கச் சொல்றோம்" என்றான். பேத்தியை மட்டும் மத்தியானத்தில் என் போர்வைக்குள் இழுத்துப் போட்டுக்கொண்டேன். குளிருகிறது என்று அவள் திமிறிக்கொண்டு அடுப்புக்கே ஓடினாள்.

அன்றிலிருந்து நான் அவரைக் கவனிக்க ஆரம்பித்தேன். பாசத்தோடு என்று எழுத ஆசைதான். பூனை எலியைக் கவனிக்கிற மாதிரிதான் கவனித்தேன்.

ஒரு தம்ளர் டீ காலியாவதற்குள் ஒரே கேள்வியை மறுபடி மறுபடி கேட்டார். தண்ணீர்க் குழாய் பிரிகிற இடத்தில், அவரே பதித்த குழாய், எந்தத் திருகைத் திருப்புவது என்று தெரியாமல் நின்றார். நான் பார்ப்பது தெரிந்ததும் ஒரு பாட்டை முணுமுணுத்தபடி நகர்ந்துவிட்டார். சட்டைமேல் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். குளிருக்குத்தானே என்று மருமகள் சிரித்தாள். தெரியாத கேள்வி வந்தால் ஒரு நையாண்டி, அதுவும் ஓடாவிட்டால் என் பக்கம் கையைக் காட்டி "அவளைக் கேளு" என்றார். கேட்டவர்கள் அதை வீட்டுக்காரிக்குக் கொடுக்கிற மரியாதை என்று நினைத்தார்கள்.

ஒருநாள் களை கொத்திக்கொண்டிருக்கும்போது எனக்குச் சுரீர் என்றது. நேத்து என்ன குழம்பு, இன்றைக்கு என்ன கிழமை, மகன் எங்கே போனான்? இத்தனை காலமும் அவர் என்னைச் சோதிக்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டிருக்கிறார். பதில் வாங்கிக்கொண்டு, வாங்கின கையோடு சிரிப்பையும் என் மேல் தள்ளிவிட்டிருக்கிறார். ஊரே கூடிச் சிரித்த அந்தச் சிரிப்பு எனக்குச் சேர வேண்டியதே இல்லை. களைக்கொத்தை மண்ணில் போட்டுவிட்டு வரப்பில் உட்கார்ந்து அவரை வாய்க்கு வந்தபடி வைதேன்.

அந்தச் சமயத்தில் பங்காளி வீட்டில் ஒரு கேதம். அவருடைய சித்தப்பா மகன், அவருடன் ஒன்றாகப் படித்தவர், இறந்துவிட்டார். எங்கள் பக்கம் இழவு வீட்டில் உறவுக்காரர்கள் பிணத்துக்குக் கோடித் துணி கொண்டுவந்து போடுவார்கள். எந்த வீடு முதலில், எந்தச் சம்பந்தி அடுத்தது, பெண் கொடுத்தவன் முந்தியா, பெண் எடுத்தவன் முந்தியா என்று முறை இருக்கிறது. முறை தப்பினால் பிணத்தைத் தூக்க விடமாட்டார்கள், வெட்டுக்குத்து வரை போகும். எங்கள் ஊரில் அந்த முறையைக் கூப்பிடுகிறவர் என் வீட்டுக்காரர்.

நான் பெண்கள் கூட்டத்தில் உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். இன்றைக்கு ஊருக்கு முன்னால் குட்டு உடையும் என்று பயம். உடையட்டும் என்ற ஆசையும் இருந்தது. அவர் எழுந்து தலைமாட்டில் நின்றார். குரலை எடுத்தார். ஒரு வீடு தப்பவில்லை. தாத்தன் பூட்டன் காலத்தில் பெண் எடுத்து, நடுவில் பேச்சு நின்றுபோன வீட்டைக்கூட அதன் இடத்தில் கூப்பிட்டார். அந்த வீட்டுக்காரர் நெகிழ்ந்துபோய் அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"பெருசு மண்டையில இருக்குறது வேற எவன் மண்டையில இருக்கு?" என்று பக்கத்தில் ஒருவர் சொன்னார். என் மகன் மார்பை நிமிர்த்திக்கொண்டான்.

பிணம் எடுத்து முடிந்து, குளித்துவிட்டு, நானும் அவரும் படிக்கட்டு வயல் ஓரமாக வீட்டுக்கு நடந்தோம். மகன் பின்னால் வந்தவர்களோடு பேசியபடி தங்கிவிட்டான். பனி இறங்க ஆரம்பித்திருந்தது. அவர் துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு கேட்டார்.

"ஆமா, செத்தது யாரு?"

நையாண்டி என்று நினைத்து முகத்தைப் பார்த்தேன். இல்லை. சொன்னேன். அப்படியே நின்றுவிட்டார்.

"அவனா? எப்ப? அடப் பாவி! ஏத்தா, நாம போகலேன்னா தப்பாப் பேசுவாங்களே. முறை கூப்புட நான்ல நிக்கணும். வெரசா வா."

இழவு வீட்டைப் பார்த்துத் திரும்பி நடந்தார். சட்டையைப் பிடித்து இழுத்தேன். போய்விட்டுத்தான் வருகிறோம், நீங்கள்தான் கூப்பிட்டீர்கள், பாருங்கள் தலை இன்னும் ஈரம் என்றேன். அவர் தன் தலையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு என்னை இரக்கத்தோடு பார்த்தார்.

"நீ மறந்துட்ட. வேற எங்கிட்டோ போனதைச் சொல்ற."

மகனிடம் இதைச் சொன்னேன். சிரித்தான். "இன்னைக்கு அம்புட்டுப் பேருக்கு முன்னாடி அம்புட்டையும் சொன்ன மனுசனுக்கா மறதி? கதை கட்டுறதுக்கும் ஒரு அளவு இருக்கும்மா." அடுப்படியிலிருந்து மருமகள் அவனிடம் மெதுவாகச் சொன்னது என் காதிலும் விழுந்தது. "அத்தைக்கு முத்திருச்சுங்க. தான் செஞ்சதை மாமா மேல தூக்கிப் போடுறாங்க." மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள். எங்கள் வீட்டில் அவர் மறந்தால் நையாண்டி, நான் மறந்தால் நோய்.

கொஞ்ச நாளில் மகன் என் எதிரே வந்து தரையில் உட்கார்ந்தான். கொடைக்கானலில் இதற்கென்று பார்க்கிற ஒரு டாக்டரம்மா வந்திருக்கிறார், ஒரு தடவை காட்டிவிடுவோம் என்றான். நான் அழுது ஆர்ப்பாட்டம் செய்வேன் என்று நினைத்திருப்பான் போல, வார்த்தைகளைத் தயாராக வைத்திருந்தான்.

"வர்றேன்," என்றேன். "உங்கப்பா கூட வரட்டும். வேற யாரும் வேணாம்."

அவனுக்கும் அன்றைக்கு ஒட்டன்சத்திரத்துக்கு லோடு ஏற்ற வேண்டியிருந்தது, சரி என்றான். என் வீட்டுக்காரர் காய்ச்சல் வந்தாலும் ஆஸ்பத்திரிப் படி ஏறாதவர். அவரைக் காட்ட வேண்டும் என்று சொன்னால் ஊரைக் கூட்டியிருப்பார். பெண்டாட்டியைக் காட்ட வேண்டும் என்றதும் முதல் ஆளாக வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டார். மீனுக்குப் புழு மாட்டுவது போல என்னையே நான் மாட்டிக்கொண்டேன். பஸ் முழுக்க ஆள். எங்கே பயணம் என்று கேட்ட ஒவ்வொருவரிடமும் அவர் தன் நெற்றிப்பொட்டைத் தட்டிக் காட்டி, கட்டைவிரலால் என்னைச் சுட்டினார். நான் ஜன்னல் வழியாக மரங்களைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

டாக்டரம்மா சின்ன வயது. சிரித்த முகம். என்னை எதிரே உட்கார வைத்து, மூன்று சொல் சொல்கிறேன், பிறகு கேட்பேன் என்றார். தேங்காய், ஜன்னல், சிவப்பு. தேதி கேட்டார். ஒன்று கூட்டிச் சொல்லிவிட்டு, இல்லை இல்லை நேற்றுத்தான் அமாவாசை என்று நானே திருத்தினேன். கடிகாரம் வரையச் சொன்னார், வரைந்தேன். முள் கொஞ்சம் கோணல். பிறகு அந்த மூன்று சொல்லைக் கேட்டார். தேங்காய் வந்தது, சிவப்பு வந்தது. நடுவில் இருந்தது வரவில்லை. என் வீட்டுக்காரர் தொடையில் தட்டிச் சிரித்தார்.

"பாத்தீங்களா! மூணு சொல்லு நிக்கல. இவகிட்டப் போயி நெருப்பைக் குடுக்கலாமா?"

"ஒரு க்ளூ தரேன்மா. காத்துக்குத் திறந்து வைப்போம்," என்றார் டாக்டரம்மா.

"ஜன்னல்."

டாக்டரம்மா ஏதோ எழுதினார். அப்போதுதான் நான் கேட்டேன். "இவருகிட்டயும் கேளுங்க டாக்டர். எங்க ஊர்ல இவரு ஞாபகத்துக்கு மிஞ்சின ஆளு கெடையாது. என்னைய மாதிரி தடுமாற மாட்டாரு."

டாக்டரம்மா ஒரு கணம் என்னைப் பார்த்தார். பேனாவை அவர் பக்கம் திருப்பினார். "சும்மா ஜாலிக்கு ஐயா, நீங்க சொல்லுங்க. அந்த மூணு வேர்ட்ஸ் என்ன?"

"எந்த மூணு?"

"அம்மாகிட்டக் கேட்டேன்ல?"

அவர் சிரித்தார். துண்டைச் சரி செய்தார். மூக்கைத் தேய்த்தார். தேங்காயும் இல்லை, சிவப்பும் இல்லை. காத்துக்குத் திறந்து வைப்போம் என்று அவருக்கும் சொன்னார்கள். "கடை" என்றார். கடிகாரம் வரையச் சொன்னார்கள். வட்டம் அழகாகப் போட்டார். எண்களை எல்லாம் ஒரே ஓரத்தில், லாரியில் மூட்டை அடுக்குவது போலக் குவித்துவிட்டு, மிச்ச இடத்தை வெறித்துப் பார்த்தார். இது என்ன மாசம் என்று டாக்டரம்மா கேட்டார்.

அப்போது அவர் என் பக்கம் திரும்பினார்.

அந்தத் திரும்பல் எனக்குப் பழக்கம். எத்தனை தரம் திரும்பியிருக்கிறார், எத்தனை தரம் நான் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். "இவ சொல்லுவா," என்றார். நான் சுவரில் ஒட்டியிருந்த படத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "ஏத்தா, சொல்லு," என்றார். குரல் இறங்கிவிட்டது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வேறு வார்த்தை தேட மாட்டேன், சந்தோஷமாகத்தான் இருந்தது. அவர் நெற்றியில் வேர்வை பூத்தது, அந்தக் குளிரில். அவர் முகத்தில் பயத்தை நான் பார்த்தது அன்றைக்குத்தான். அப்போதும் வாயைத் திறக்கவில்லை. நான் மாசத்தைச் சொல்லியிருந்தால் அவர் தப்பித்திருப்பார். என் பேத்தி தப்பித்திருக்க மாட்டாள்.

பேனாவை மேசைமேல் வீசினார். "எனக்கு எதுக்குச் சோதனை? சீக்கு இவளுக்கு!" நர்ஸ் ஒருத்தி வந்து, டீ குடிப்போம் வாங்க தாத்தா என்று வெளியே கூட்டிப் போனாள்.

டாக்டரம்மா நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"உங்களுக்கு இருக்கிறது வயசும்மா. பேர் மறக்கும், வச்ச இடம் மறக்கும், க்ளூ குடுத்தா வந்துரும். மறந்துட்டோம்னு உங்களுக்கே தெரியுது, அதை நீங்களே கரெக்ட் பண்றீங்க. ஐயாவுக்கு மறந்ததே தெரியல. எடுத்துக் குடுத்தாலும் வரல. பழைய விஷயம் எல்லாம் இருக்கு, புதுசு எதுவும் உள்ள நிக்கல. பழகின வேலையில தப்பு வருதா?"

பைன் காயைச் சொன்னேன். கேதத்தைச் சொன்னேன்.

"மதுரையில ஸ்கேன், ப்ளட் டெஸ்ட் எல்லாம் பாக்கணும். தைராய்டு, விட்டமின் குறைச்சல்னால கூட இப்படி வரலாம், பாத்துட்டுத்தான் உறுதியாச் சொல்ல முடியும். ஆனா இன்னையில இருந்து நெருப்பு அவர் கையில வேணாம். குழந்தையை அவர் பொறுப்புல விடவே கூடாது." கொஞ்சம் நிறுத்திவிட்டுக் கேட்டார். "உங்களைக் காட்டணும்னா வந்தீங்க?"

"வீட்ல அப்படித்தான் சொல்லி அனுப்புனாங்க," என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. மகனுடைய எண்ணைக் கேட்டு, என் எதிரிலேயே போன் போட்டுப் பேசினார்.

திரும்பும்போது பஸ் ஸ்டாண்டில் அவர் எனக்குச் சூடாக மிளகாய் பஜ்ஜி வாங்கித் தந்தார். கடிகாரமும் பேனாவும் டீ ஆறுவதற்குள் அவரை விட்டுப் போயிருந்தன. ஆஸ்பத்திரி, பெண்டாட்டி, நோய், இந்த மூன்றும் மட்டும் எப்படியோ தங்கிவிட்டன. மிச்சத்தை அவரே கட்டிக்கொண்டார். பஸ் ஏறியதும் என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். கல்யாணமான நாளிலிருந்து நாலு பேருக்கு முன்னால் என் நிழல்மேல்கூடப் படாமல் நடந்தவர்.

"பயப்படாத. நான் இருக்கேன்ல. எல்லாத்தையும் நான் பாத்துக்கிறேன்."

கையை உருவிக்கொள்ளப் பார்த்தேன். இறுக்கிப் பிடித்திருந்தார். கண்டக்டரிடம், என் சம்சாரத்துக்கு உடம்பு சரியில்லை, மெதுவா வளைக்கச் சொல்லுப்பா என்றார். பஸ்ஸில் எல்லோரும் என்னைப் பாவமாகப் பார்த்தார்கள். கேலிக்காவது பழகியிருந்தேன். இதை என்ன செய்வது என்று தெரியவில்லை.

வீட்டு வாசலில் மகன் நின்றுகொண்டிருந்தான், பாதி வழியில் லோடை வேறு ஆளிடம் விட்டுவிட்டு வந்திருக்கிறான். அவர் அவனைத் தனியாகக் கூப்பிட்டார். கூப்பிட்டாரே தவிர, சொன்னது தெருவுக்கே கேட்டது.

"ஏலே, உங்கம்மாவுக்குப் புத்தி பெசகிப் போச்சாம்டா. இனி இந்த வீட்ல எவனும் அவளைக் கேலி பண்ணக் கூடாது. பண்ணுனா நான் பாத்துக்கிட்டு இருக்க மாட்டேன்."

மகன் தலையைத் தூக்கவில்லை. சரிப்பா என்றான். மருமகள் உள்ளே ஓடிப்போய்க் கதவுக்குப் பின்னால் அழுதாள். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு அவன், "அம்மா, அடுப்பை நீயே பாத்துக்க" என்று மட்டும் சொன்னான். மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நான் கொடுத்திருக்க மாட்டேன்.

மதுரைக்கும் போய் வந்தோம். குணமாகிற காரணம் ஏதாவது கிடைக்குமா என்று அங்கே தேடினார்கள், கிடைக்கவில்லை. மாத்திரை இருக்கிறது. அது நோயைத் திருப்பாது, கொஞ்சம் தாங்கிப் பிடிக்கும் என்றார்கள்.

இப்போது அடுப்பு என் கையில் இருக்கிறது. இந்த வருஷத்து விதை மேலே நன்றாகப் பழுத்துக்கொண்டு வருகிறது. ஆனால் அவருக்கு ஒரே கவலை. புத்தி பெசகின பெண்டாட்டி நெருப்புக்குப் பக்கத்தில் தனியாகக் கிடக்கிறாளே என்று. வெள்ளனே எழுந்து, எனக்கு உதவி செய்ய, கைக்கு அகப்பட்டதை எல்லாம் அள்ளிக்கொண்டு அடுப்படிக்கு வந்துவிடுகிறார். அதனால் மகன் அடுப்படிக் கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் வைத்துக் கொடுத்தான். நான் உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொள்கிறேன். அவர் வெளியே நின்று தட்டுகிறார்.

"கதவைத் தொறத்தா. நீ மறந்துருவ. நெருப்புத்தா அது. உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் என்னத்தா செய்வேன்?"

பிறகு அழுகிறார். துண்டை வாயில் வைத்துக்கொண்டு, விக்கி விக்கி. அந்த அழுகையில் பொய் இல்லை. புத்தி தெளிவாக இருந்த அத்தனை வருஷத்திலும் அந்த மனுஷன் எனக்காக ஒரு சொட்டு விட்டதில்லை. முதல் பிரசவத்தில் பிள்ளை தக்காமல் போய் நான் கிழிந்த நாராகக் கிடந்தபோதுகூட, உருளை மூட்டை போய்ச் சேர்ந்ததா என்று விசாரித்துக்கொண்டிருந்தவர். ஆரம்பத்தில் ஒருநாள் கதவைத் திறந்து, எனக்கு ஒன்றுமில்லை, நோய் உங்களுக்குத்தான் என்று முகத்துக்கு நேரே சொன்னேன். இடிந்துபோய் உட்கார்ந்தார். மத்தியானத்துக்குள் அதுவும் போய்விட்டது, மறுபடி என் தலையைத் தடவிக்கொடுக்க வந்துவிட்டார்.

அவர் நினைப்பதை மறுத்துப் பேசாதீர்கள், அவருக்குத்தான் வேதனை என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். நானும் மறுப்பதில்லை. ஆனால் அவர் வேதனைப்படக் கூடாது என்பதற்காக இல்லை. எனக்காக ஒருவர் அழுவதைக் கேட்க வேண்டும் போல இருக்கிறது. கனலை ஒருதரம் கிளறிவிட்டு, தாழ்ப்பாளைத் திறக்காமல், அவர் அழுது முடிக்கும்வரை கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.